ஆம்ஸ்டர்டாமில் ஒரே பகல்: ரைக்ஸ்மியூசியமா, வான் கோ அருங்காட்சியகமா?

ஆம்ஸ்டர்டாமில் ஒரு பகல்தான் கையில் இருக்கிறது, ஒரே சதுக்கத்தில் இருக்கும் நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியம், ஓவியர் வான் கோவுக்கென்றே உள்ள அருங்காட்சியகம் இந்த இரண்டில் எதற்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ரைக்ஸ்மியூசியத்துக்குப் போங்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் இதே கேள்வியின் பேரில் எங்கள் குடும்பத்தில் இன்னும் தீராத வழக்கு ஒன்று ஓடிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

நீங்களும் எங்களைப் போல நாலைந்து நாடுகளை ஒரே மூச்சில் காட்டும் குழுப் பயணத்தில்தான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஒரு பகலுக்கு இத்தனை இழுபறி வந்திருக்காது. எங்கள் பயணத் திட்டத்தில் ‘அருங்காட்சியகச் சதுக்கம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். சதுக்கம் மட்டும்தான், அருங்காட்சியகம் கிடையாது என்பது பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் குழுவில் பலருக்கும் தெரிந்தது. ‘ஐ ஆம்ஸ்டர்டாம்’ என்ற ஆளுயர எழுத்துகளின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதில் போட்டிருந்தது. அந்த எழுத்துகளை நகராட்சி 2018 டிசம்பரிலேயே அங்கிருந்து அகற்றிவிட்டது! சரி, அதையாவது மன்னிக்கலாம். டச்சு ஓவிய மேதை ரெம்பிராண்டுக்கு ஒதுக்க நேரமில்லாதவர்கள், வைரம் பட்டை தீட்டும் இடத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பட்டை தீட்டுவதைக் காட்டியது கொஞ்ச நேரம், மோதிரங்களைக் காட்டியது மிச்ச நேரமெல்லாம் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். காசு கொடுத்துப் பயணம் வந்தவர்களைக் கடைக்காரருக்கு வாடிக்கை பிடித்துக் கொடுக்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றித் தனியாக யாராவது கேள்வி கேளுங்கள், பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

வைரத்தையும் அதன் பின்னால் இருந்த படகுச் சவாரியையும் விட்டுவிட்டு நாங்கள் கழன்றுகொண்டோம். நானும் கணவரும் ரைக்ஸ்மியூசியத்துக்கு, நாத்தனாரும் அவர் மகளும் வான் கோவுக்கு. டிக்கெட் எல்லாம் ஊரிலிருந்தே எடுத்தாயிற்று. புல்வெளியில் பிரிகிற இடத்தில் நாத்தனார் கேட்டார்: “ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் வந்து வான் கோவைப் பார்க்கவில்லை என்றால் யார் அண்ணி நம்புவார்கள்?”

நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். ரைக்ஸ்மியூசியத்தில் வான் கோ 1887இல் வரைந்த தன்னுருவப் படம் ஒன்று இருக்கிறது. வான் கோ அருங்காட்சியகத்தில் இன்னொரு டச்சு மேதையான வெர்மீரின் படம் இல்லை. அதோடு, 1885 ஜூலையில் ரைக்ஸ்மியூசியத்தின் இப்போதைய கட்டடம் திறந்த சில மாதங்களிலேயே வான் கோ அங்கே போயிருக்கிறார். ரெம்பிராண்டின் ‘யூத மணப்பெண்’ ஓவியத்தின் முன் உட்கார்ந்தவர் எழுந்து வர மறுத்துவிட்டார். காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டு இரண்டு வாரம் இதன் முன் இருக்க முடியுமானால் ஆயுளில் பத்து வருடத்தைக் கொடுப்பேன் என்று கூட வந்த நண்பரிடம் சொன்னாராம். வான் கோவே தேர்ந்தெடுத்த இடத்தை நான் தேர்ந்தெடுத்தால் மட்டும் என்ன குற்றம்?

உள்ளே போனதும் நேராக இரண்டாம் தளத்தின் நடுக்கூடத்துக்கு ஏறிவிடுங்கள். எல்லோரும் கோடியில் இருக்கும் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை நோக்கி ஓடுவார்கள். 1642இல் ரெம்பிராண்ட் வரைந்தது, சுவரை அடைக்கும் அளவுக்குப் பெரியது. 1715இல் நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனபோது, வைத்த சுவரில் அடங்கவில்லை என்று ஓரங்களை வெட்டி எறிந்திருக்கிறார்கள். 2019 முதல் கண்ணாடி அறைக்குள் வைத்து ஆராய்ச்சியும் பராமரிப்பும் நடக்கின்றன. பாருங்கள், ஆனால் அங்கேயே தேங்கிவிடாதீர்கள்.

தேங்க வேண்டிய இடம் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’. அகலம் 41 சென்டிமீட்டர், உயரம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான் படம். முன்னால் நின்ற கூட்டம் நகர்ந்து என் முறை வந்ததும் பாலைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தேன். வெறும் வெள்ளைச் சுவர். அதில் ஓர் ஆணி. ஆணிக்கு நிழல். பக்கத்தில் பிடுங்கிய ஆணிகள் விட்டுப்போன ஓட்டைகள். கீழே தரையோரம் நீலக் கோடுகள் போட்ட ஓடுகள், அதன் அருகே கால் சூடேற்றும் சிறு மரப்பெட்டி. மேசையில் ரொட்டியின் மேல் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். அந்தச் சுவரில் முதலில் குடுவைகள் தொங்கும் பலகை ஒன்றை வரையத் தொடங்கிவிட்டு, பிறகு வெர்மீரே அதை மூடிவிட்டார் என்று 2022இல் அருங்காட்சியகத்தின் ஆய்வில் தெரியவந்தது. வீட்டில் சுவர் காலியாக இருந்தாலே காலண்டர் மாட்டிவிடும் நமக்கு, வரைந்ததை அழித்து ஆணியை மட்டும் விட்டுவைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று தோன்றியது. என் கணவர் இதற்குள் மூன்று அறை தாண்டிப் போயிருந்தார்.

கிளம்புவதற்கு முன் ஆசியக் கூடத்துக்கும் போனோம். தண்ணீர் சூழ்ந்த தனிக் கட்டடம், கூட்டமே இல்லை. அங்கே ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரச் சோழர் கால நடராசர் இருக்கிறார். ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் ஒன்று 1930களில் வாங்கிய சிலை. சிலையை ஏற்றிய லாரியோடு சேர்த்து ஊடுகதிர்ப் படம் (எக்ஸ்ரே) எடுத்து, உள்ளே வெற்றிடம் இல்லாத முழு வார்ப்பு என்று உறுதிசெய்திருக்கிறார்கள். கோயிலில் பட்டுக்கும் மாலைக்கும் நடுவே முகத்தை மட்டும் பார்த்துப் பழகியவள் நான். அங்கேதான் முழங்கால் மடியும் இடத்தையும் தூக்கிய பாதத்தின் விரல்களையும் பக்கவாட்டில் நின்று நிதானமாகப் பார்த்தேன். (சிலை எப்படி அங்கே போனது என்று பின்னூட்டத்தில் எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. இருக்கிற இடத்தில் பார்ப்பதா வேண்டாமா என்பதுதான் அன்றைக்கு என் முன் இருந்த கேள்வி.) மாலையில் இதைச் சொன்னதும் நாத்தனார் சிரித்துவிட்டார். “சிவனைப் பார்க்கவா ஆம்ஸ்டர்டாம் வந்தீர்கள்?” வழக்கு இன்றுவரை இந்த வரியில்தான் நிற்கிறது.

வான் கோவை நான் மட்டம் தட்டுவதாக யாரும் கிளம்ப வேண்டாம். உலகத்திலேயே அவருடைய ஓவியங்கள் அதிகம் இருக்கும் இடம் அது. ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’, தம்பி மகன் பிறந்ததற்காக 1890இல் வரைந்த ‘வாதுமைப் பூக்கள்’ எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் ‘நட்சத்திர இரவு’ அங்கே இல்லை, அது நியூயார்க்கில் இருக்கிறது. என் நாத்தனார் மகள் அதைத் தேடித் தளம் தளமாக ஏறி இறங்கியிருக்கிறாள். ஒரு மனிதரின் பத்தாண்டு உழைப்பை முதலிலிருந்து கடைசிவரை பின்தொடரும் பொறுமையும் ஆசையும் உங்களுக்கு இருந்தால், சின்ன வயதிலிருந்தே அவர் மேல் பித்து என்றால், என் பேச்சைக் கேட்காமல் அங்கேயே போங்கள். டிக்கெட் இணையத்தில் மட்டும்தான், நேரம் குறித்துத்தான் தருவார்கள். படம் எடுக்க விடமாட்டார்கள்.

ரைக்ஸ்மியூசியம் தினமும் 9 மணி முதல் 5 மணி வரை திறந்திருக்கும். கட்டடத்தின் நடுவிலேயே சைக்கிள் பாதை குறுக்கே ஓடுகிறது, வாசலும் அதற்குள்தான். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள். மணி அடிப்பார்களே தவிர நிறுத்தமாட்டார்கள்.