கண்டது எது, முடிவு கட்டியது எது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஞாயிறு பூசைக்குப் போனால் என் கண் பீடத்தில் நிற்பதில்லை. யார் பிந்தி வந்தது, யாருடைய பிள்ளை என்ன உடுப்பு, யார் நற்கருணை வாங்கப் போகவில்லை என்றே மனம் ஓடுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். மாறவில்லை.
– ஒரு வாசகி, பாலையூற்று

பதில்: கண்ணில் படுவதும், அதனால் ஒரு எண்ணம் வந்து தட்டுவதும் பாவம் அல்ல. அதற்கு அடுத்த படிதான் ஆபத்து: ஒருவருடைய செயலைக் கண்டு அவருடைய உள்ளத்துக்கே தீர்ப்பு எழுதிவிடுவது. 6ஆம் நூற்றாண்டில் காசாவில் வாழ்ந்த துறவி தொரொத்தேயு இதைப் பிரித்துக் காட்டினார். ‘அவன் பொய் சொன்னான்’ என்றால் நடந்ததைச் சொல்கிறோம். ‘அவன் பொய்யன்’ என்றால் அவனுடைய முழு வாழ்வையும் தீர்த்துவிடுகிறோம்.

1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தை ஒருதரம் வாசித்துப் பாருங்கள். அன்னாவின் உதடுகள் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. குரு ஏலி கண்டது இவ்வளவுதான், அது உண்மையும் கூட. ‘குடித்திருக்கிறாள்’ என்பது அவராகச் சேர்த்தது. அவளோ பிள்ளை வேண்டி அழுதுகொண்டிருந்தாள். ஏலியிடம் நாம் கற்க இன்னொன்றும் உண்டு: அவள் விளக்கியதும் பிடிவாதம் பிடிக்காமல் உடனே ஆசீர்வதித்து அனுப்பினார்.

உங்கள் நிலையிலும் அப்படித்தான். ‘அவர் நற்கருணை வாங்கவில்லை’ என்பது நீங்கள் கண்டது. ‘ஏதோ பாவத்தில் இருக்கிறார்’ என்பது நீங்கள் சேர்த்தது. நற்கருணைக்கு முன் ஒரு மணித்தியாலம் ஒன்றும் உண்ணக்கூடாது என்பது திருச்சபை ஒழுங்கு. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடை இல்லை. பிந்திச் சாப்பிட்ட ஒருவர் அந்த ஒழுங்கை மதித்தே எழும்பாமல் இருந்திருக்கலாம்.

பழக்கத்தை உடைக்க, புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ (1548) சொல்லும் தனிப்பட்ட ஆன்ம சோதனையைப் பரிந்துரைக்கிறோம். அவர் நிறுவிய யேசு சபையின் குருக்கள் நீண்ட காலம் பணி செய்த திருகோணமலைக்கு அவர் புதியவர் அல்ல. ஒரேயொரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘யாரையும் குறை நினைக்க மாட்டேன்’ என்பது மிகப் பெரிது, தோற்றுவிடுவீர்கள். ‘கோயிலுக்குள் மற்றவரின் உடுப்பை வைத்து அவரை எடை போட மாட்டேன்’ என்பது போதும். காலையில் எழும்பியதும் அதை நினைத்து உறுதி எடுங்கள். தவறும் ஒவ்வொரு தரமும் நெஞ்சில் கை வைத்து மனம் வருந்துங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. மத்தியானமும் இரவும் அந்த நேரம் வரை எத்தனை தரம் தவறினீர்கள் என்று பார்த்து, ஒரு கொப்பியில் நாளுக்கு இரண்டு கோடு கீறி, தவறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி இடுங்கள். நேற்றையதோடு இன்றையதையும், போன கிழமையோடு இந்தக் கிழமையையும் ஒப்பிடுங்கள். ஞாயிறு பூசைக்கு மட்டும் போகிறவரானால், வீதியிலும் சந்தையிலும் உடுப்பைப் பார்த்து எடை போடுவதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

பெரும்பாலானோர் தொடக்கத்திலேயே விட்டுவிடுகிறார்கள். காரணம், புள்ளிகள் கூடும். பாவம் கூடியதால் அல்ல, முன்பு கவனிக்காமல் விட்டதை இப்போது கவனிப்பதால். அடுத்த பிழை, எண்ணத்தோடு மல்லுக்கட்டுவது. அதைத் தள்ளத் தள்ள அது நிலைக்கும். அந்த ஆளுக்காக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிவிட்டுப் பீடத்தைப் பாருங்கள்.

கேள்வி: தீர்ப்பிட வேண்டாம் என்றால், பிழையைக் கண்டும் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? எங்கள் சபையில் ஒருவர் சேர்த்த காசுக்குக் கணக்குக் காட்டவில்லை.
– ஒரு வாசகர், உவர்மலை

பதில்: இல்லை. மத்தேயு 7ஐ முதல் வசனத்தோடு நிறுத்திவிடுவதால் வரும் குழப்பம் இது. ஐந்தாம் வசனத்தில், முதலில் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடு, பிறகு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகை பார்ப்பாய் என்கிறார் ஆண்டவர். துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை.

வழியும் மத்தேயு 18:15–17இல் இருக்கிறது. முதலில் தனியே, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு, அதன் பிறகே சபைக்கு. நம் ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது: முதலில் ஊர் முழுக்கக் கதை, கடைசியில்தான் ஆளிடம். தனியே போகும்போது எந்தத் திகதி, எந்த நிகழ்ச்சிக்கான காசு, எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். ‘நீங்கள் எப்போதும் இப்படித்தான்’ என்ற பேச்சு வேண்டாம். பற்றுச்சீட்டுக் கொப்பியை அவர் எடுத்துக் காட்டிவிட்டால் அத்தோடு விடயம் முடிந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். சிறுபிள்ளைக்குத் துன்பம் நடப்பதாகச் சந்தேகம் வந்தால் இந்த மூன்று படிகளும் பொருந்தாது. தனியே பேசித் தீர்க்கப் போகாமல் உடனே 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா தைப்பொங்கலுக்குக் கொண்டுவந்த பொங்கலைச் சாப்பிட்டேன். எங்கள் சபை ஆக்கள் என்னைப் பின்மாறிப்போனவள், விசுவாசத்தை விட்டு விலகியவள் என்கிறார்கள்.
– ஒரு வாசகி, அன்புவழிபுரம்

பதில்: பல சமயத்தவர் மதிலோடு மதிலாக வாழும் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இராது. ரோமர் 14இல் பவுல் இரு பக்கத்தையும் நிறுத்துகிறார்: சாப்பிடுகிறவர் சாப்பிடாதவரை அற்பமாய் எண்ணக்கூடாது, சாப்பிடாதவர் சாப்பிடுகிறவரைக் குற்றவாளியாக்கக்கூடாது. 1 கொரிந்தியர் 10இல், விருந்துக்குப் போனால் கேள்வி கேட்காமல் சாப்பிடு, ‘இது படைத்தது’ என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காகத் தவிர்த்துக்கொள் என்கிறார். ஆகவே உங்களைத் தீர்த்தவர்கள் தங்கள் எல்லையைத் தாண்டினார்கள். நீங்களும் அவர்களைப் ‘பழம்பஞ்சாங்கம்’ என்று ஒதுக்கினால் அதே தவறுதான், கவனம். உங்களால் இடறக்கூடிய புது விசுவாசி ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவர் முன்னால் மட்டும் விட்டுக்கொடுங்கள். அக்காவுக்கு நத்தார் கேக் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டதை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பிறகு அது பொய் என்று தெரிந்தது. பாவசங்கீர்த்தனம் போதுமா?
– பெயர் வேண்டாம், நிலாவெளி

பதில்: மன்னிப்புக் கிடைக்கும், கெடுத்த பெயரைச் சீர்செய்யும் கடமை அப்படியே நிற்கும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2487, இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதே குழுவில், ‘நான் போட்டது உண்மை இல்லை, பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அங்கேயும் சொல்லுங்கள்’ என்று எழுதுங்கள். முதற் செய்தியைச் சத்தமில்லாமல் அழிப்பது போதாது, வாசித்தவர்கள் வாசித்துவிட்டார்கள். திருத்தும்போது பொய்யின் விவரத்தைத் திரும்பச் சொல்லாதீர்கள். உங்களுக்குச் சொன்னவரின் பெயரையும் இழுக்காதீர்கள். அந்த நபரின் காதுக்கு விடயம் எட்டியிருந்தால் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். போட்டது பொய்யல்ல, மறைவான ஓர் உண்மை என்றால் ‘பொய்’ என்று மறுக்க முடியாது. அப்போது அவரிடம் உண்மையாகவே உள்ள நல்லதை, முன்பு கேட்ட அதே ஆக்களிடம் சொல்வதுதான் உங்களால் செய்யக்கூடிய பரிகாரம்.