டீன் மீது வழக்குப் போடவே முடியாதா?

கேள்வி: என் மகன் டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். விடுதியில் நடந்த கைகலப்பில் அவன் பெயரும் அடிபட்டது. அவனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பருவம் இடைநீக்கம் என்று மாலையில் மூன்று வரி மின்னஞ்சல் வந்தது. மறுநாளே அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். டீன் அரசு ஊழியர், அவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, வழக்கு நிற்காது என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதிதான் உண்மை. அந்தப் பாதியைக் கேட்டே பலர் வழக்கறிஞரைப் பார்க்காமல் இருந்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம் தருகிறது.

அரசமைப்பு உரிமையை மீறிய அரசு ஊழியர் மீது வழக்குத் தொடுக்க அமெரிக்காவில் 1871-இல் வந்த சட்டம் இருக்கிறது. வழக்கறிஞர்கள் '1983ஆம் பிரிவு' என்பது அதைத்தான். இதன்கீழ் பல்கலைக்கழகத்திடமே இழப்பீடு கேட்டால் வழக்கு வாசலிலேயே விழுந்துவிடும். அது மாநில அரசின் அங்கம்; அமெரிக்க அரசமைப்பின் 11ஆவது திருத்தம் அதைக் காக்கிறது. டீனைப் 'பதவி முறையில்', அதாவது அந்தப் பதவியின் பிரதிநிதியாக, பிரதிவாதியாக்கிப் பணம் கேட்டாலும் அதே கதிதான்.

ஆனால் அதே பதவி முறையில், மகனைத் திரும்பச் சேர்க்கவும் இடைநீக்கக் குறிப்பைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் உத்தரவு கேட்கலாம். 1908-இல் உச்ச நீதிமன்றம் யங் வழக்கில் திறந்துவிட்ட வழி இது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் இதைத்தான் கேட்பேன். பணம் பிறகு வரட்டும். பையனின் படிப்பு காத்திருக்காது.

இழப்பீடும் வேண்டுமென்றால் டீனைத் 'தனிப்பட்ட முறையில்', அதாவது தனிமனிதராக, பிரதிவாதியாக்க வேண்டும். அலுவலகப் பணியாகச் செய்த செயலுக்கும் இப்படி வழக்குத் தொடுக்கலாம் என்று 1991-இல் ஹேஃபர் தீர்ப்பு சொன்னது. அந்தச் சொற்கள் மனுவில் வெளிப்படையாக இருக்கட்டும். அவை இல்லாததால் தடுமாறிய வழக்குகள் உண்டு.

உங்களிடம் மற்றவர்கள் சொன்ன பாதுகாப்பு இங்கேதான் குறுக்கே வரும். மீறப்பட்ட உரிமை, சம்பவம் நடந்தபோதே தீர்ப்புகளால் தெளிவாக நிலைநாட்டப்பட்டிருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். இல்லையென்றால் டீன் தப்பிவிடுவார். உங்கள் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு வலுவான விடை இருக்கிறது. 1960-இல் அலபாமாவில் கறுப்பின மாணவர்கள் நீதிமன்றக் கட்டடத்து உணவகத்தில் உட்கார்ந்து உணவு கேட்டார்கள். அரசுக் கல்லூரி அவர்களில் ஒன்பது பேரை விசாரணையே இல்லாமல் வெளியேற்றியது. அது தவறு, முன்னறிவிப்பும் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் வேண்டும் என்று 1961-இல் டிக்சன் வழக்கில் தீர்ப்பளித்தது ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம். டெக்சாஸ் அந்த வட்டத்துக்குள்தான் (circuit) இருக்கிறது; அதனால் அந்தத் தீர்ப்பு அங்கும் செல்லும். 1975-இல் கோஸ் வழக்கில், பள்ளியில் பத்து நாள் இடைநீக்கத்துக்கே குற்றச்சாட்டைச் சொல்லிப் பதில் கேட்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஒரு பருவம் அதைவிட எவ்வளவு பெரிது!

நொடியில் முடிவெடுக்கும் காவலருக்குரிய பாதுகாப்பு, நிதானமாக யோசிக்க நேரமுள்ள பல்கலைக்கழக அதிகாரிக்கும் ஏன் என்று 2021-இல் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் சட்டம் இன்னும் மாறவில்லை.

ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். பாதுகாப்பு மறுக்கப்பட்டால் டீன் உடனே மேல்முறையீடு செய்யலாம். அதிலேயே பல மாதங்கள் ஓடிவிடும். டெக்சாஸில் இந்த வழக்கைத் தொடுக்கக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள். பல்கலைக்கழகத்துக்குள் நீங்கள் செய்யும் மேல்முறையீட்டுக்காக அது நின்றுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். அந்த மூன்று வரி மின்னஞ்சலை நாளும் நேரமும் தெரியும்படி அச்செடுத்துக்கொண்டு, குடிமை உரிமை (civil rights) வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள்.