கறுப்புத் திருக்கைக்குப் பெயர் வைப்பது யார்?

கேள்வி: மீன் தொட்டிக் கடையில் கறுப்பு உடம்பும் வெள்ளைப் புள்ளியுமாக ஒரு திருக்கையைப் பார்த்தேன். பிரேசில் ஆற்று மீனாம். திருக்கை கடல் மீன்தானே? இந்த வகைகளைப் பிரிக்க மரபணுச் சோதனை செய்கிறார்களாமே, புள்ளியைப் பார்த்தாலே தெரியாதா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: நீங்கள் பார்த்தது அநேகமாக பொட்டமோட்ரைகான் லியோபோல்டி. ‘அநேகமாக’ என்று இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன். இயற்கையில் அது வாழ்வது பிரேசிலின் சிங்கு ஆற்றுப் படுகையில் மட்டும்தான். கடல் திருக்கைக்குச் சொந்தம்தான், ஆனால் இதன் முன்னோர் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே தென் அமெரிக்காவுக்குள் புகுந்து நன்னீரிலேயே தங்கிவிட்டார்கள். கடல் திருக்கைகள் உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்து உப்பைச் சமாளிக்கின்றன. இவை அந்த வித்தையையே தொலைத்துவிட்டதால் ஓர் ஆற்றிலிருந்து கடல் வழியாக இன்னோர் ஆற்றுக்குப் போக முடியாது. அப்படி ஆங்காங்கே அடைபட்டுக் கிடந்தவை தனித்தனி வழியில் மாறிப்போனதில் ஆச்சரியம் இல்லை.

புள்ளி விஷயத்துக்கு வருவோம். ஒரே இனத்துக்குள்ளேயே நிறமும் கோலமும் தாறுமாறாக மாறும், வேறு வேறு இனங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். பாராட்ரைகான் என்ற இன்னொரு நன்னீர்த் திருக்கைப் பேரினத்தை (நெருங்கிய இனங்களின் குழுவை) பாருங்கள். 1841இல் பெயரிட்டதிலிருந்து தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ ஆறுகளில் இருப்பது ஒரே இனம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு ஆறு மரபணு வேறுபடுவது தெரிய வந்தது. உடலமைப்பையும் ஆராய்ந்து 2021இல் ஒரினோகோவிலிருந்து இரண்டு புதிய இனங்களை அறிவித்தார்கள். இரண்டு பெரிய ஆறுகளிலும் பரவிக் கிடக்கிறது, கவலை இல்லை என்று நினைத்த மீன், பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சின்ன இடத்துக்குள் ஒடுங்கியிருக்கிறது. குட்டி போடும் மீன் வேறு. ஓர் ஈற்றுக்குச் சில குட்டிகள்தான், பிடித்துத் தீர்த்தால் சீக்கிரம் ஈடுகட்டாது.

அதற்காக டிஎன்ஏ சொன்னதே தீர்ப்பு என்றும் நினைக்காதீர்கள். துடுப்பில் நகக்கண் அளவு வெட்டி ஆல்கஹாலில் போட்டால் சோதனைக்குப் போதும், மீனும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் வழக்கமாகப் பார்ப்பது மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பு) மரபணு, அது தாய்வழியில் மட்டும் வருவது. இரண்டு இனம் கலந்து பிறந்த குட்டியைச் சோதித்தால் அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டு அப்பாவைப் பற்றி வாயே திறக்காது. லியோபோல்டி சேர்ந்த பொட்டமோட்ரைகான் பேரினத்தில் பல இனங்கள் சமீபத்தில் பிரிந்தவை என்பதால் அந்த மரபணுவில் வித்தியாசமும் குறைவு. எனவே தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏ, பல், முள், முதலில் பெயர் வைக்க ஆதாரமாக எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் மூல மாதிரி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தொட்டியில் இனம் கலந்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் அந்த ‘அநேகமாக’.

கேள்வி: சரி, பெயர் மாறினால் மீனுக்கு என்ன லாபம்? – அதே வாசகி

பதில்: சட்டம் பெயரைப் பார்த்துத்தானே வேலை செய்கிறது! 2022இல் பனாமாவில் நடந்த சைட்டீஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாட்டில் லியோபோல்டியையும், பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றுப் பகுதியின் வாலசி என்ற சிறிய வகைத் திருக்கையையும், அனுமதி இருந்தால்தான் ஏற்றுமதி என்னும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். பார்க்க ஒன்றுபோல இருப்பதால் ஏமாற்றுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று இன்னும் 5 இனங்களையும் கூடவே சேர்த்தார்கள். நல்ல முடிவு என்பேன், துறைமுகத்தில் பெட்டியைத் திறக்கும் அதிகாரியிடம் மரபணு ஆய்வகமா இருக்கிறது? ஆனால் இதெல்லாம் ஏற்றுமதிக்குத்தான் கடிவாளம். சிங்கு ஆற்றில் பெலோ மான்டே அணை கட்டி நீரோட்டத்தையே மாற்றியிருக்கிறார்கள், அதை எந்தப் பட்டியலும் தடுக்கவில்லை.

வாங்குகிற எண்ணம் இருந்தால் இறக்குமதி அனுமதியோ, தொட்டியில் பிறந்ததற்கான ஆவணமோ காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.