வண்டு விழுந்த அரிசியும் சமையல் அக்காவும்

கேள்வி: கோரிப்பாளையம் பக்கம், பெரியாஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணைக்கு இருப்பவர்கள் 120 பேருக்குத் தினமும் மதியச் சாப்பாடு போடுகிறோம். ஒரு பக்கம் அரிசியில் வண்டு விழுகிறது. இன்னொரு பக்கம் பருப்பு தீர்ந்து, பாதி நாள் ரசத்தோடு முடிக்கிறோம். சமைக்கிற அக்கா எடுத்துப்போகிறாரோ என்று குழுவில் சிலர் பேசுகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஐயா, முதலில் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று உங்களிடமே கணக்கு இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் எது குறைந்தாலும் அடுப்படியில் நிற்கிறவர் மேல்தான் பழி விழும். அந்த அநியாயம் உங்கள் கூடத்தில் நடக்க வேண்டாம்.

பொருள் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஆளுக்கு 125 கிராம் என்றால் ஒரு நாளைக்கு அரிசி 15 கிலோ. சாம்பாருக்கு 25 கிராம் வீதம் பருப்பு 3 கிலோ. ஆடி அமாவாசையை ஒட்டி 26 கிலோ சிப்பம் நாற்பது வந்து இறங்கினால், அது இரண்டு மாதத்துக்கு மேல் ஓடும். அதற்குள் மகாளய அமாவாசைக்கு அடுத்த லோடு வந்துவிடும். புதுசு முன்னால் அடுக்கப்படும், பழசு சுவரோரம் கிடக்கும். இப்படி ஒரு கூடத்தில் சுவரோரச் சிப்பத்தை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். மேலே அரிசி வெள்ளையாகத்தான் இருந்தது. கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு. வெளியே எடுத்தால் விரலெல்லாம் மாவு.

அதனால் சிப்பம் வந்து இறங்கும்போதே மார்க்கரால் தேதியைப் பெரிதாக எழுதிவிடுங்கள். தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். பழைய தேதிதான் முதலில் உலைக்குப் போக வேண்டும். எண்ணெய் டின்னுக்கும் ரவைக்கும் இதேதான்.

அப்புறம் ஸ்டோர் கதவில் ஒரு நோட்டு. வரவு, செலவு, இருப்பு என்று மூன்று கட்டம் போதும். கண்ணளவில் அள்ளாமல் தராசில் நிறுத்துக் கொடுங்கள். கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் கையெழுத்துப் போடட்டும். வாரம் ஒருநாள் இருப்பை எண்ணி நோட்டோடு ஒத்துப்பாருங்கள்.

பருப்புக்கு வழி உபயதாரர்களிடம்தான் இருக்கிறது. பிறந்தநாள், திதி என்று வருகிறவர்கள் வழக்கப்படி அரிசி கொண்டுவருகிறார்கள். வேறு என்ன தேவை என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்? நன்கொடை கொடுப்பவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். போன் வந்ததும் நோட்டைப் பார்த்து, "அரிசி இருக்குங்க, இந்தத் தடவை பருப்பு பத்து கிலோ வாங்கித் தர முடியுமா?" என்று கேளுங்கள். சந்தோஷமாகக் கீழமாசி வீதிக்குப் போய் வாங்கி வருவார்கள். பருப்பு இருப்பு 20 கிலோவுக்குக் கீழே இறங்கினால் கேட்க வேண்டும் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அது ஆறு நாளைக்குத் தாராளமாக வரும்.

இதையெல்லாம் தொடங்கும் அன்று அந்த அக்காவையும் உட்காரவைத்துப் பேசுங்கள். எந்த அரிசி எவ்வளவு காணும், எந்தப் பருப்பு வேகாது என்று உங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும்.