அமெரிக்காவில் எந்த அனிமே முந்துகிறது? சில கேள்விகள், பதில்கள்

அமெரிக்க ரசிகர்களிடம் எந்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) எவ்வளவு எடுபட்டது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எது சிறந்தது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. எதை நிறையப் பேர் பார்த்தார்கள், ஏன் பார்த்தார்கள் என்பது மட்டும்தான் இங்கே.

அண்ணா, சுற்றி வளைக்காமல் ஒரே பெயர் சொல்லுங்கள். அமெரிக்காவில் நம்பர் ஒன் எது?

டிராகன் பால் இசட். அனிமே பக்கமே தலைவைத்துப் படுக்காதவருக்கும் அதன் நாயகன் கோகுவின் முடியைப் பார்த்தால் அடையாளம் தெரியும். நியூயார்க்கில் நடக்கும் மேசீஸ் நன்றித் திருநாள் ஊர்வலத்தில் 2018இல் கோகு பலூன் பறந்தது. குடும்பம் குடும்பமாக டிவியில் பார்க்கிற ஊர்வலம் அது. அடுத்த இடம் நருட்டோவுக்கு. போக்கிமோனையும் கணக்கில் எடுத்தால் இந்த வரிசையே மாறிவிடும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

டிராகன் பால் இசட் முதலில் அங்கே ஊத்திக்கொண்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1996இல் உள்ளூர் டிவி நிலையங்களுக்கு விற்றார்கள். வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் வார இறுதிக் காலையில். இது தொடர்கதை. ஒரு சண்டையே பல வாரம் இழுக்கும். இரண்டு வாரம் தவறவிட்ட பையனுக்கு என்ன புரியும்? 53 அத்தியாயங்களோடு 1998இல் நின்றுபோனது.

அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் கார்ட்டூன் நெட்வொர்க் அந்தப் பழைய அத்தியாயங்களையே எடுத்து, டூனாமி என்ற தன் மாலை நேரப் பகுதியில் திங்கள் முதல் வெள்ளி வரை போட்டது. பள்ளி விட்டு வந்தால் தினமும் ஒன்று. நம் மெகா சீரியல் ஓடும் முறையேதான். அங்கே பிடித்துக்கொண்டது. அதன் பிறகுதான் ஃபனிமேஷன் நிறுவனம் டெக்சஸிலேயே குரல் நடிகர்களைச் சேர்த்து மீதிக் கதைக்கு டப்பிங் செய்தது. 1999 செப்டம்பரில் புது அத்தியாயங்கள் வரத் தொடங்கின.

செய்லர் மூன் கதையும் இதேதான். 1995இல் பல ஊர்களில் விடியற்காலை நேரத்தில் போட்டுத் தோற்றார்கள், பிறகு டூனாமியில் பிழைத்தது. கதையின் தரத்தைவிட, எந்த நேரத்தில் எத்தனை வீட்டுக்குள் போனது என்பதுதான் அந்தக் காலத்தில் தீர்மானித்தது. இன்று முப்பது, நாற்பது வயதில் இருக்கும் அமெரிக்கரின் பிடித்தமான அனிமே பட்டியலைப் பார்த்தால், பாதி டூனாமியின் நிகழ்ச்சி நிரல் போலவே இருக்கும்.

அமெரிக்க மாநிலம் ஒவ்வொன்றுக்கும் பிடித்த அனிமே என்று வண்ண வரைபடம் சுற்றுகிறதே. நம்பலாமா ப்ரோ?

வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை கூகுள் தேடல் போக்கை வைத்துச் செய்தவை. அதில் தெரிவது ஒப்பீட்டு அளவுதான், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு கிடையாது. மக்கள்தொகை குறைந்த மாநிலத்தில் கொஞ்சம் பேர் கூடுதலாகத் தேடினாலும் நிறம் மாறிவிடும். பெயரும் குழப்பும். ‘ப்ளீச்’ என்று தேடுகிறவர் அனிமேவைத் தேடுகிறாரா, துணி வெளுக்கும் திரவத்தையா?

அப்படியானால் மை அனிமே லிஸ்ட் மதிப்பெண்?

ரசிகர்கள் தொடர்களுக்கு மதிப்பெண் போடும் இணையதளம் அது. உலகம் முழுக்க உள்ள தீவிர ரசிகர்களின் கணக்கு. அங்கே பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட். 2023இல் வந்த ஃப்ரீரென் அதைத் தள்ளிவிட்டு மேலே ஏறியது. ஃப்ரீரென் எனக்கு மிகவும் பிடித்த தொடர். ஆனால் சாதாரண அமெரிக்க வீட்டில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள்.

ஜப்பானில் ஒன் பீஸ்தான் ராஜா. அமெரிக்காவில் நருட்டோவுக்குப் பின்னால் நின்றது ஏன்? நீங்கள் நருட்டோ ரசிகர் என்பதால் சொல்லாதீர்கள்!

நான் ஒன் பீஸ் கட்சி, தம்பி. அதனால்தான் வயிறு எரிகிறது.

2004இல் ஒன் பீஸை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது 4கிட்ஸ் நிறுவனம். சனிக்கிழமைக் காலை, சின்னப் பிள்ளைகளுக்கான நேரம். சஞ்சி என்ற கதாபாத்திரத்தின் வாயிலிருந்த சிகரெட் லாலிபாப் ஆனது. துப்பாக்கிகள் பொம்மைகள் போல மாற்றி வரையப்பட்டன. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடலாம். லபூன் என்ற திமிங்கலம் வரும் பகுதியையே முழுசாகத் தூக்கினார்களே, அதுதான் மன்னிக்க முடியாதது. பல நூறு அத்தியாயங்கள் கழித்து ப்ரூக் என்ற கதாபாத்திரம் வரும்போது கதை அந்தத் திமிங்கலத்திடம்தான் திரும்பிப் போகும். அதைப் பார்க்காதவனுக்கு அங்கே எதற்கு அழுகிறார்கள் என்றே புரியாது.

நருட்டோ 2005 செப்டம்பரில் டூனாமியில் வந்தது. வெட்டல் இருந்தது, ஆனால் கதையின் எலும்பு உடையவில்லை. ஒன் பீஸ் 2007இல் ஃபனிமேஷன் கைக்குப் போய்ச் சரியாவதற்குள் ஒரு தலைமுறை நருட்டோ போல நெற்றிப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் அத்தியாய எண்ணிக்கை வேறு பயமுறுத்தியது. இப்போது ஆயிரத்து நூறைத் தாண்டிவிட்டது.

நிலைமை மாறத் தொடங்கியது 2023 ஆகஸ்ட் கடைசியில், நெட்ஃபிளிக்ஸில் நடிகர்களை வைத்து எடுத்த ஒன் பீஸ் வந்தபோது. அந்த நவம்பரில் மேசீஸ் ஊர்வலத்தில் ஒன் பீஸ் நாயகன் லூஃபியின் பலூனும் வந்துவிட்டது. கோகுவுக்கு ஐந்து வருடம் கழித்துதான், ஆனாலும் வந்தது.

தம்பி, டெக்சஸில் இருக்கும் என் பேரனுக்கு போக்கிமோன் அட்டைதான் உலகம். அதை ஏன் நீங்கள் முதலிடத்தில் வைக்கவில்லை?

ஐயா, உங்கள் பேரனையே கேட்டுப் பாருங்கள், அந்தத் தொடரை எத்தனை அத்தியாயம் பார்த்தான் என்று. போக்கிமோனின் புகழில் விளையாட்டு, அட்டை, பொம்மை, அனிமே எல்லாம் கலந்திருக்கின்றன. அனிமேவின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. 1999இல் நிலவரம் வேறு. அந்த நவம்பரில் வந்த முதல் போக்கிமோன் திரைப்படம் அமெரிக்காவில் 8.5 கோடி டாலர் வசூலித்தது. ஜப்பானிய அனிமேஷன் படங்களில் அந்த வசூலை அங்கே 2025 வரை யாராலும் தாண்ட முடியவில்லை.

தாண்டியது டீமன் ஸ்லேயர்தானே? அட்டாக் ஆன் டைட்டன், ஜுஜுட்ஸு கைசன் எல்லாம் அதற்குக் கீழேயா?

திரையரங்கக் கணக்கில் ஆமாம். டீமன் ஸ்லேயரின் முகன் டிரெயின் படம் 2021 ஏப்ரலில், கொரோனாவால் அரங்குகள் பாதி காலியாக இருந்த நேரத்தில், முதல் வார இறுதியிலேயே 2 கோடி டாலருக்கு மேல் எடுத்தது. ஜுஜுட்ஸு கைசன் 0 படம் 2022 மார்ச்சில் சுமார் 1.8 கோடியில் தொடங்கியது. 2025 செப்டம்பரில் வந்த டீமன் ஸ்லேயர் படமான இன்ஃபினிட்டி காசில் மூன்றே நாளில் 7 கோடி, மொத்தத்தில் 13 கோடிக்கு மேல். இடைவெளியைப் பாருங்கள்.

ஆனால் அட்டாக் ஆன் டைட்டனை இந்தத் தராசில் வைப்பது நியாயமில்லை. அது வளர்ந்தது வீட்டுத் திரையில். 2013இல் ஜப்பானில் ஒளிபரப்பான கையோடு அமெரிக்காவிலும் இணையத்தில் வசன வரிகளோடு கிடைத்தது. அனிமே குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுங்கியிருந்த பெரியவர்களை உள்ளே இழுத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. என் கணிப்பில் டீமன் ஸ்லேயர் இன்று கூட்டம் சேர்க்கிறது, அந்தக் கூட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது டைட்டன்.

ஜப்பானைவிட அமெரிக்காவில் அதிகம் கொண்டாடப்பட்ட தொடர் உண்டா?

கௌபாய் பீபாப். 1998இல் டிவி டோக்கியோ அதைப் பாதிக்கும் குறைவாகத்தான் ஒளிபரப்பியது. முழுத் தொடரும் பிறகு வோவோவ் என்ற கட்டணச் சேனலில் வந்தது. அமெரிக்காவில் 2001 செப்டம்பரில் அடல்ட் ஸ்விம் என்ற, கார்ட்டூன் நெட்வொர்க்கின் பெரியவர்களுக்கான இரவுப் பகுதி தொடங்கிய முதல் இரவே அது வந்தது, பிறகு வருடக்கணக்கில் மறு ஒளிபரப்பு. ஜாஸ் இசை, கௌபாய் படங்களின் வாசனை, சிகரெட் புகை எல்லாம் அவர்களுக்குச் சொந்த வீடு மாதிரி. தி பிக் ஓ என்ற தொடர் இன்னும் வேடிக்கை. ஜப்பானில் 13 அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டார்கள். கார்ட்டூன் நெட்வொர்க் கைகொடுத்ததால்தான் இரண்டாவது பாகமே பிறந்தது.

டோரேமான்?

எடுபடவில்லை. 2014இல்தான் டிஸ்னி எக்ஸ்டி சேனலில் வந்தது. நோபிட்டா ‘நோபி’ ஆனான், ஜியான் ‘பிக் ஜி’ ஆனான். ஆசியப் பிள்ளைகளுக்கு இருக்கும் பாசம் அங்கே ஒட்டவில்லை. 1969 முதல் ஜப்பானில் ஓடும் சசாயே-சான் பெயரையே அங்கே பலர் கேட்டதில்லை.

கறுப்பின அமெரிக்கர்களிடம் அனிமேவுக்குத் தனி மவுசு உண்டு என்று படித்தேன். சரிதானா?

சரிதான், டிராகன் பாலுக்குக் குறிப்பாக. 2007இல் வந்த ஆஃப்ரோ சாமுராய் என்ற அனிமேவில் நடிகர் சாமுவேல் எல். ஜாக்சன் குரல் கொடுத்தார், வு-டாங் கிளான் என்ற ராப் குழுவின் ரிஸா இசையமைத்தார். ஓட்டக்காரர் நோவா லைல்ஸ் 2024 ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் கேமராவுக்கு முன்னால் யு-கி-ஓ என்ற அனிமேவின் விளையாட்டு அட்டையை எடுத்து நீட்டினார். பிறகு பாரிஸில் 100 மீட்டர் தங்கத்தை வாங்கினார்.

கடைசிக் கேள்வி சார். அமெரிக்க டீமோடு வேலை பார்க்கிறேன். பேச்சுக் கொடுக்க ஒரு தொடர் பார்க்க வேண்டுமென்றால் எது?

ஆளின் வயதைப் பாருங்கள். நாற்பதை ஒட்டியவர் என்றால் டிராகன் பால் இசட். முப்பதைச் சுற்றியவர் என்றால் நருட்டோ. கல்லூரி முடித்துப் புதிதாகச் சேர்ந்தவர் என்றால் டீமன் ஸ்லேயர் அல்லது ஜுஜுட்ஸு கைசன். உங்களுக்கு நேரம் குறைவு என்றால் டீமன் ஸ்லேயரிலிருந்து ஆரம்பியுங்கள். இன்ஃபினிட்டி காசில் தமிழ் டப்பிங்கோடு நம் அரங்குகளுக்கும் வந்த படம்தான், ஆனால் முந்தைய பாகங்களைப் பார்க்காமல் அதில் கை வைக்காதீர்கள்.