ஓவியரைக் கேளுங்கள்: கொக்கி தைத்த வீட்டிலிருந்து ஒரு கோடு

தொடர்கதைகளுக்கும் சிறுகதைகளுக்கும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படம் வரைந்துவரும் ஓவியர் ஒருவர், தம்முடைய தொழிலைப் பற்றியும் கனவுகளைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

அம்மா, உங்களுக்குள் ஓவியம் எங்கிருந்து வந்தது? யாரைப் பார்த்து வரையத் தொடங்கினீர்கள்?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

மாயவரத்தில் என் அப்பா ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்து, அவர் வெட்டித் தைத்து அனுப்பிய ரவிக்கைகளுக்கு ஹெம்மிங் செய்து கொக்கி வைப்போம். வாடிக்கையாளர்கள் கொடுத்துவிட்டுப் போகும் பழைய அளவு ரவிக்கையை அப்பா மேசைமேல் விரித்து, கத்தரியை எடுப்பதற்கு முன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். "இந்த அம்மாளுக்கு இடத்தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது, இடுப்பில் குழந்தையை வைத்தே வேலை செய்கிறவர் போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் சற்று மாற்றி வெட்டுவார். அந்தப் பெண்மணியை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அக்குள் பக்கம் வெளுத்து, ஒரு கொக்கி மட்டும் மாற்று நூலில் தைக்கப்பட்டிருந்த அந்தத் துணியிலிருந்து அவர் நடந்துவரும் விதம் என் கண்ணுக்குத் தெரிந்தது. மனித உடம்பை வரைவதைப் பற்றிய என் முதல் பாடம் அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கும் பெண்ணை என் படங்களில் நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது பாடம் பாட்டியின் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. வாராவாரம் வந்த தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து, அட்டை போட்டுப் புத்தகமாக வைத்துக்கொள்வது அந்தத் தலைமுறையின் வழக்கம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' அப்படித்தான் எங்கள் வீட்டில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்பதற்கு முன்பே மணியம் வரைந்த படங்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்து முடித்திருந்தேன். பின்னாளில் கதையைப் படித்தபோது, ஏற்கெனவே தெரிந்தவர்கள் வாய் திறந்து பேசுவது போலிருந்தது. கதை வெளிவரத் தொடங்கியபோது மணியத்துக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. 1968இல் அவர் மறைந்தபோது ஐம்பதைத் தொட்டிருக்கவில்லை. அத்தனை குறைந்த காலத்தில், சோழர் காலத்து மனிதர் என்றவுடன் தமிழர் மனத்தில் எழும் உருவத்தை ஒருவர் தம் கையால் தீர்மானித்துவிட்டுப் போனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நகைச்சுவை ஓவியர் கோபுலுவைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. ஒரு சொல்கூட எழுதாமல், கட்டம் கட்டமாகப் படத்தை மட்டும் வைத்து அவர் சிரிக்கவைத்த நகைச்சுவைத் துணுக்குகளைப் பார்த்துத்தான், படத்துக்கும் வாய் உண்டு என்று கற்றுக்கொண்டேன். முதுமையில் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தபோது, இடது கையால் வரையப் பழகி அவர் மீண்டும் வரைந்தார். சோர்வு வரும் நாட்களில் நான் நினைத்துக்கொள்வது அந்த இடது கையைத்தான்.

ஒரு கதை உங்கள் கைக்கு வந்ததும் என்ன செய்வீர்கள்? எந்தக் காட்சியை வரைவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?
(ஒரு வாசகர், திருச்சி)

பெரும்பாலும் நான்தான். கதையை இருமுறை படிப்பேன். முதல் முறை வாசகியாக, கையில் பென்சில் இல்லாமல். இரண்டாம் முறை, அந்த வீட்டில் விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, அடுப்பு மண்ணா, கேஸா, அந்த அம்மாள் புடவையை எந்த ஊர் வழக்கப்படி கட்டியிருப்பார் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு படிப்பேன். எழுத்தாளர் சொல்லாமல் விட்ட பலவற்றை ஓவியர் சொல்லியே ஆகவேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாரம். 'அவள் கதவருகே நின்றாள்' என்று எழுதிவிட்டு அவர் போய்விடலாம். அந்தக் கதவுக்கு நிலைப்படி உண்டா, மஞ்சள் பூசியிருக்கிறதா, தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் நான் முடிவு செய்யாமல் ஒரு கோடுகூட நகராது.

காட்சியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. அறைந்த கையை வரையமாட்டேன். அறைவதற்கு முன் மேசைமேல் இருந்த கையைத்தான் வரைவேன். வாசகர் படத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் கதைக்குள் வருகிறார் என்பதால், கதை தன் கடைசிப் பக்கத்துக்காகப் பொத்திவைத்திருப்பதைப் படம் முன்கூட்டியே அவிழ்த்துவிடக் கூடாது.

கோட்டைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய பத்திரிகைப் படங்களில் தெளிவான, அழுத்தமான மைக்கோடுகள் இருப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. அந்தக் காலத்தில் படத்தைப் புகைப்படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, கோடு இல்லாத இடங்களை அமிலத்தில் அரிக்கவிட்டுப் 'பிளாக்' செய்வார்கள். சாம்பல் நிறம் என்ற ஒன்று அந்தத் தகட்டுக்குத் தெரியாது; மை உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். நிழலைக் காட்ட வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கியும் குறுக்கே இழுத்தும் காட்ட வேண்டும், அல்லது படத்தைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரிக்கும் வேறொரு முறைக்குப் போக வேண்டும். தவிர, படம் பெரிதாக வரையப்பட்டு அச்சில் சிறிதாக்கப்படுவதால், மிக மெல்லிய கோடு பாதியில் அறுந்து போகும், நெருங்கிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகிவிடும். இத்தனையையும் மனத்தில் கணக்கிட்டுத்தான் முன்னோர்கள் பேனாவை எடுத்தார்கள். ஆஃப்செட் அச்சு முறை வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனால் கட்டாயத்தில் பிறந்த அந்த ஒழுங்கைக் கைவிட எனக்கு மனமில்லை.

சில்பியின் கோயில் சிற்ப ஓவியங்களைப் பற்றி அடிக்கடி குறிப்பிடுகிறீர்கள். புகைப்படம் இருக்கும்போது சிலையைப் பார்த்து வரைவதால் என்ன பயன்?
(ஒரு வாசகர், மதுரை)

நாமக்கல்லில் பிறந்த பி. எம். சீனிவாசன் என்பவர்தான் சில்பி. கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் வரைந்த படங்கள் ஆனந்த விகடனில் தொடராக வந்தன. அவற்றை முதலில் பார்த்தபோது, எனக்கும் உங்கள் கேள்விதான் தோன்றியது.

அதற்கான விடை கிருஷ்ணாபுரத்தில் கிடைத்தது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் வேங்கடாசலபதி கோயிலில், அரசகுமாரியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவனின் சிலை இருக்கிறது. காலை முதல் மாலை வரை அதன் முன்னால் உட்கார்ந்து வரைய முயன்றேன். காலை வெளிச்சத்தில் வரைந்த முகம் பத்து மணிக்குப் பொய்யாகிவிட்டது. நிழல் நகர்ந்ததும் சற்றுமுன் சிரித்தவன் இப்போது மூச்சு வாங்குகிறவனாகத் தெரிந்தான். அழித்து வரைந்தேன், உச்சிப் பொழுதில் அதுவும் மாறியது. புகைப்படம் ஒரு நொடியின் வெளிச்சத்தைத்தான் தரும். ஏழெட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்கும் கண்தான் எது நிழலால் வந்தது, எது உளியால் வந்தது என்று பிரித்தறியும். சில்பியின் படங்களில் இருக்கும் அமைதி அப்படிப் பிரித்தறிந்த பிறகு வந்தது. அன்று நான் கொண்டுவந்த படம் நன்றாக இல்லை. ஆனால் பாரத்தைத் தூக்கும் ஆளை அதற்குப் பிறகு நான் தவறாக வரைந்ததில்லை.

ஓவியக் கல்லூரியில் சேர வேண்டுமா, கைபேசியில் பார்த்தே கற்றுக்கொண்டால் போதாதா?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, சேலம்)

இடம் கிடைத்தால் சேர்ந்துவிடு, கண்ணு. சென்னையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி 1850இல் தொடங்கப்பட்டது. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. நுட்பத்தைக் கைபேசியிலும் கற்கலாம், ஆனால் உன் வயதில் உன்னைவிட நன்றாக வரையும் இருபது பேருடன் ஒரே அறையில் உட்காருவதைக் கைபேசி தராது. சேர முடியாமல் போனாலும் கலங்காதே. தினமும் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, காத்திருப்பவர்களின் கால்களை மட்டும் ஓராண்டு வரைந்து வா.

என் படத்துக்கு ஒருமுறை பணம் கொடுத்துவிட்டு, கேட்காமலே புத்தக அட்டையிலும் போட்டுவிட்டார்கள். இப்படி இருந்தால் ஓவியத்தை நம்பி எப்படி வாழ்வது?
(ஓர் இளம் ஓவியர், கோயம்புத்தூர்)

எனக்கும் நேர்ந்ததுதான். நான் ஒரு சிறுகதைக்கு வரைந்த படத்தை, ஒரு பதிப்பாளர் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து வேறொரு நாவலின் அட்டையில் போட்டிருந்தார்; பெயரும் இல்லை. பேருந்து நிலையக் கடையில் அதைப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பிரதியை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக வரைந்தவரே முதல் உரிமையாளர். ஆனால் பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர் ஆகிவிடலாம் என்ற பிரிவும் அதிலேயே இருக்கிறது. ஆகவே வாய்ப்பேச்சை நம்பாமல், எந்த இதழுக்கு, எத்தனை முறை அச்சிட, எவ்வளவு காலத்துக்கு என்று நான்கு வரியாவது எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாமல் விட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். உரிமையை விற்றுவிட்ட பிறகும் 'இது என் படைப்பு' என்று கோரவும், நற்பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் ஓவியருக்கு உரிமை உண்டு. பதிப்புரிமை ஓவியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. நீங்கள் இன்று போடும் கையெழுத்து உங்கள் பேரப்பிள்ளைகளையும் தொடும். இதையெல்லாம் கேட்டால் வேலை தரமாட்டார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. கேட்ட பிறகு ஓரிருவர் விலகினார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

இத்தனை ஆண்டுகள் பிறர் கதைக்கு வரைந்துவிட்டீர்கள். உங்களுக்கென்று இன்னும் நிறைவேறாத கனவு ஏதாவது உண்டா?
(ஒரு வாசகி, புதுக்கோட்டை)

இரண்டு உண்டு. ஒன்று என் கையை மீறியது. பத்திரிகைகளில் வந்த படங்களின் மூலப்படங்களை வைத்துக் காட்டும் ஓர் இடம் தமிழ்நாட்டில் வேண்டும். அச்சில் நீங்கள் பார்ப்பது முடிந்துபோன படம். மூலப்படத்தில்தான் அழியாமல் நின்ற பென்சில் கோடும், தவறிய விரலின்மேல் பூசிய வெள்ளை போஸ்டர் கலரும், எந்த அளவுக்குச் சிறிதாக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதிய குறிப்பும் இருக்கும். மூத்த ஓவியர் ஒருவர் தம் மூலப்படத்தைக் காட்டியபோது, ஒரே கண்ணை மூன்று முறை வெள்ளை பூசித் திருத்தியிருந்ததைப் பார்த்தேன். விரலால் தடவினால் அந்த இடம் மேடாகத் தட்டுப்பட்டது. பெரியவர்களுக்கும் முதல் கோட்டிலேயே கண் அமைந்துவிடுவதில்லை என்று அன்றுதான் எனக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியம் வரையும் பிள்ளைகள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். அச்சான பிறகு திரும்பி வராத படங்கள், பரணில் கரையான் தின்ற படங்கள் எத்தனையோ.

இரண்டாவது கனவுக்கு உங்கள் ஊரே காரணம். சித்தன்னவாசல் குகைக் கூரையில் தீட்டியிருக்கும் தாமரைக் குளத்தை என் இருபதாவது வயதில் பார்த்தேன். மீன்கள், பறவைகள், யானை, எருமை, தாமரை பறிக்கும் மனிதர்கள் எல்லோருக்கும் அந்தக் குளத்தில் ஒரே மரியாதை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது; பல இடங்களில் சாந்து உதிர்ந்திருக்கிறது, ஆனாலும் தண்ணீர் இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து, எங்கள் தெருக்கோடியில் இருந்த குளத்தின் ஓராண்டை ஒரு சொல்லும் இல்லாமல் படங்களாலேயே சொல்லும் புத்தகம் ஒன்றை மனத்தில் சுமந்துவருகிறேன். படிக்கத் தெரியாத குழந்தையும், படிக்காமலே போன என் அம்மாவைப் போன்றவர்களும் ஒன்றாக உட்கார்ந்து புரட்டும்படி அது இருக்க வேண்டும்.

மாதத்துக்கு ஒரு படமாகப் பன்னிரண்டு. ஆடியில் ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து முதல் படியை நனைப்பதில் தொடங்குகிறது. பதினொன்று முடிந்துவிட்டன. வைகாசிதான் அமையவில்லை, தண்ணீர் வற்றியபின் சேறு வெடித்துப் பாளம் பாளமாக ஓரம் மடங்கி நிற்பதை மூன்று முறை வரைந்தும், அது ஓடு வேய்ந்த கூரையைப் போல் வருகிறது. அந்தக் குளத்தில் இப்போது வீடுகள் இருக்கின்றன. பக்கத்து ஊரில் இன்னும் ஒரு குளம் இருப்பதாகச் சொன்னார்கள். வரும் வைகாசியில் காகிதத்தோடு அங்கே போய் உட்காரப் போகிறேன்.