முட்டைக்கோஸ் தோட்டத்துப் புரட்சி

கே: அயர்லாந்தில் நடந்த கொலை, குண்டுவெடிப்பு எல்லாவற்றுக்கும் வறுமைதானே காரணம்? உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது, ஜனங்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். வேளாவேளைக்குச் சோறும் ஒரு வேலையும் கொடுத்திருந்தால் ஐரிஷ் தேசியவாதமே முளைத்திருக்காது. சரிதானே?
– வாசகர், கும்பகோணம்

ப: கேள்விக்குள்ளேயே பதிலையும் மடித்து வைத்து அனுப்பிவிட்டீர்கள். பிரித்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது.

பஞ்சத்திலிருந்தே வருவோம். 1845-இல் உருளைக்கிழங்குச் செடியில் நோய் விழுந்தது. அடுத்த சில வருடங்களில் சுமார் பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். 1841-இல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1851-இல் சுமார் 65 லட்சம். அந்த நாட்களிலும் ஓட்ஸும் வெண்ணெயும் ஐரிஷ் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. உங்கள் கணக்குப்படி மகா புரட்சி அப்போதுதான் வெடித்திருக்க வேண்டும்.

வெடித்தது. 1848 ஜூலையில், டிப்பரரி மாவட்டம் பாலிங்கரியில். நாற்பதுக்கு மேற்பட்ட போலீஸ்காரர்கள் ஒரு விதவையின் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே அந்த அம்மாவின் குழந்தைகள். வெளியே புரட்சிக்காரர்கள். சில மணி நேரம் சுட்டுக்கொண்டதோடு புரட்சி முடிந்தது. ‘முட்டைக்கோஸ் தோட்டத்துச் சண்டை’ என்று அதற்குக் கேலிப் பெயரே நிலைத்துவிட்டது. தலைமை தாங்கிய ஸ்மித் ஓபிரையன் நிலப்பிரபுக் குடும்பத்துப் பிள்ளை, நாடாளுமன்ற உறுப்பினர். கூட்டம் சேர்ந்தபோது, அவரவர் சாப்பாட்டை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பஞ்சத்தில்! பலர் கலைந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். பட்டினி கிடக்கிறவனுக்கு அன்றைய கஞ்சியைத் தேடவே பொழுது போதவில்லை.

அந்தப் பசி பிறகு திரும்பி வந்தது, உண்மைதான். ஆனால் எங்கிருந்து? பாஸ்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும். கப்பலேறிப் போய், வேலை கிடைத்து, மூன்று வேளை சாப்பிட ஆரம்பித்தவர்கள்தான் பிரிட்டனை விரட்டத் துடித்த ஃபீனியன் இயக்கத்துக்குப் பணம் அனுப்பினார்கள்.

அப்புறம், நீங்கள் சொல்லும் மருந்தை, அப்போது அயர்லாந்தை ஆண்ட லண்டன் நிஜமாகவே கொடுத்துப் பார்த்தது. 1879-இல் மைக்கேல் டேவிட் குத்தகை விவசாயிகளுக்காக நிலக்கழகத்தைத் தொடங்கினார். நாலு வயதில் குடும்பத்தோடு வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர், பதினோரு வயதில் லங்காஷயர் பஞ்சாலையில் வலது கையை இழந்தவர். அடுத்த ஆண்டே மாயோ மாவட்டத்து நிலப்பிரபுவின் காரியஸ்தர் ஒருவருக்கு ஊரே வேலை செய்ய மறுத்தது. கடைக்காரர் சாமான் தரவில்லை, வண்ணார் துணி எடுக்கவில்லை. அந்த ஆளின் பெயர் கேப்டன் பாய்காட். நம் பத்திரிகைகளில் இன்றும் அவர் பெயர் வராத நாள் குறைவு. இந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகச் சட்டம்மேல் சட்டம் வந்தது. 1903 சட்டத்தில் அரசே கடன் கொடுத்து நிலத்தைக் குத்தகைக்காரர்கள் கைக்கு மாற்றியது. ‘தன்னாட்சிக் கோரிக்கையைக் கருணையால் கொல்வது’ என்றே அந்தக் கொள்கைக்குப் பெயர். முதல் உலகப்போர் வந்தபோது பெரும்பாலோர் சொந்த நிலக்காரர்கள். போர்க்கால விலையேற்றத்தில் ஐரிஷ் விவசாயி கையில் காசு புரண்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் 1916 ஈஸ்டர் எழுச்சி. தலைவர்களைப் பாருங்கள். பியர்ஸ் பள்ளிக்கூடம் நடத்தியவர், மக்டோனா கல்லூரி ஆசிரியர், கெண்ட் டப்ளின் மாநகராட்சிக் கணக்கர். கானலிதான் வறுமையில் பிறந்து வளர்ந்தவர். சரணடைந்து கைதிகளாகப் போனவர்களைத் தெருவில் நின்று ஏசியவர்களில் டப்ளின் சேரிப் பெண்கள் நிறையப் பேர். அவர்களின் வீட்டுக்காரர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார்கள். அரசாங்கப் படிப்பணத்தைத் தபால் நிலையத்தில்தான் வாங்க வேண்டும். புரட்சிக்காரர்கள் முதலில் பிடித்ததே தலைமைத் தபால் நிலையத்தை! ஏசிய ஊர் எப்போது மாறியது? மே 3 முதல் 12 வரை பிரிட்டிஷ் ராணுவம் எழுச்சிக்காரர்களில் பதினைந்து பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு. காயத்தோடு இருந்த கானலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். 1918 தேர்தலில் ஐரிஷ் தொகுதிகள் 105-இல் தனிக் குடியரசு கேட்ட ஷின் ஃபெயின் கட்சி 73-ஐப் பிடித்தது.

அப்படியானால் வறுமைக்குச் சம்பந்தமே இல்லையா என்பீர்கள். இருக்கிறது, ஆனால் சோறு எவ்வளவு என்பதைவிட யார் கை பரிமாறுகிறது என்பதில் இருக்கிறது. தீவு பிரிந்தபின் பிரிட்டனோடு தங்கிவிட்ட வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டில், 1932 அக்டோபரில், நிவாரணக் கூலி போதாமல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்தே ஊர்வலம் போனார்கள். இருவருக்கும் பொதுவான பாட்டு வேறு இல்லாமல், வாழைப்பழத்தைப் பற்றிய ஒரு வேடிக்கைப் பாட்டை வாசித்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். பசி அங்கே பகையைத் தற்காலிகமாக மறக்கவே வைத்தது. மூன்றே வருடத்தில், 1935-இல், அதே ஊரில் மதக் கலவரம்.

கலிடன் என்றொரு கிராமம், வட அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில். 1968 ஜூனில் அங்கே ஒரு கவுன்சில் வீட்டைப் பத்தொன்பது வயது, கல்யாணமாகாத புராட்டஸ்டண்ட் பெண் ஒருவருக்கு ஒதுக்கினார்கள். பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற, பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளின் கட்சியான யூனியனிஸ்ட் கட்சிக்காரர் ஒருவரின் அலுவலகத்தில் செயலாளர் அவர். பக்கத்து வீட்டில் அனுமதியில்லாமல் குடியேறியிருந்த கத்தோலிக்கக் குடும்பத்தைச் சின்னக் குழந்தைகளோடு அப்போதுதான் வெளியே தள்ளியிருந்தார்கள். இதை எதிர்த்துச் சட்டமன்ற உறுப்பினர் ஆஸ்டின் கரி, அந்தப் பெண்ணுக்கு ஒதுக்கிய வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வந்து அகற்றியது. ஒரு வீட்டுக்காக இவ்வளவா என்று தோன்றும். உள்ளாட்சித் தேர்தலில் வரி கட்டும் வீட்டுக்காரருக்கும் அவர் துணைக்கும்தான் ஓட்டு. வாடகை அறையில் இருப்பவருக்கும் அப்பா வீட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் கிடையாது. ஆக, சாவி கொடுத்தால் ஓட்டுக் கொடுத்த மாதிரி. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த டெர்ரியில் வார்டு எல்லைகளை வளைத்து வரைந்து, மாநகராட்சியில் தாங்கள் 12, மற்றவர்கள் 8 என்று யூனியனிஸ்டுகளே உட்கார்ந்திருந்தார்கள். அக்டோபர் 5 அன்று அதே டெர்ரியில் சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்ததைத் தொலைக்காட்சி காட்டியது.

நான் துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்கவில்லை. அடுத்த முப்பது வருடத்தில் இறந்த சுமார் 3,500 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கொன்றது, பிரிட்டனை வெளியேற்ற ஆயுதம் தூக்கிய ஐஆர்ஏ. அதில் சாதாரண ஜனங்களும் நிறைய. பெல்ஃபாஸ்டில் புராட்டஸ்டண்டுகள் வாழ்ந்த ஷாங்கில் தெருவிலும் வறுமை இருந்தது, அங்கேயும் ஆயுதக் குழுக்கள் இருந்தன. வறுமையை மட்டும் வைத்தால் யார் யாரைச் சுட்டார்கள் என்பதை விளக்கவே முடியாது.

வீடு ஒதுக்கும் வேலையைக் கவுன்சில்களிடமிருந்து பிடுங்கித் தனி வாரியத்திடம் கொடுத்தது 1971-இல். நல்ல வாரியம்தான். அதே வருடம் ஆகஸ்ட் 9 விடியற்காலையில் ராணுவம் வீடு வீடாகப் புகுந்து 340-க்கு மேற்பட்டவர்களை விசாரணை இல்லாமல் பிடித்துக்கொண்டு போனது. புராட்டஸ்டண்ட் தரப்பு ஆயுதக் குழுக்காரர் ஒருவரும் அதில் இல்லை. அடுத்த ஜனவரியில் டெர்ரி ஊர்வலத்தில் ராணுவம் சுட்டு 13 பேர் அங்கேயே செத்தார்கள். அந்த 1972-இல் மொத்தம் செத்தவர்கள் 470-க்கும் மேல். வீட்டு வாரியம் அந்த வருடமும் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தது.